மஞ்சள்

இரவு இரண்டு நாற்பது.
தலையணைக்கடியில் கைப்பேசி அதிர்கிறது,
பதினேழு முறை.
கோத்தகிரியில் உறைபனி இறங்கும் நேரம்.
வாட்டும் தொட்டிகளில் கொழுந்து படுத்திருக்கும்.
கணினி அறையில் ஆளில்லை,
குறை சொல்லத் திரை மட்டும் விழித்திருக்கிறது.

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு படிக்கிறேன்.
மேனேஜர் போஜனின் லேப்டாப்பில்
வைரஸ் காவல் காலாவதி. சிவப்பு.
ரெஜினாவின் பிரிண்டரில் மை தீர்ந்தது. சிவப்பு.
அந்தச் சிவப்பை நானே வைத்தேன்:
பிரிண்டர் நின்றால்
ரெஜினா என்னை உட்காரவிட மாட்டாள்.
மூன்றாம் கேமராவில் வெறும் வெள்ளை.
அது கோளாறில்லை, மூடுபனி.
அதற்கும் ஓர் எச்சரிக்கை அனுப்பித் தொலைக்கிறது.

பதினாலாவது வரியில்
எடைமேடைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்.
போன மாதம் எட்டு இடம் கெட்டிருந்தது,
பொங்கலுக்கு முன் பன்னிரண்டு,
நேற்று பத்தொன்பது,
இப்போது முப்பத்தொன்று.
கரையான் அரிக்கும் உத்தரம் கத்துமா என்ன.
அறுநூற்றுச் சொச்சம் பேர் பறித்த இலை
கிலோ கிலோவாக அதற்குள்தான் இருக்கிறது.

விடியுமுன் போனேன்.
வாட்ச்மேன் ஹாலன் கதவைத் திறந்து
"தீயா சார்?" என்றான்.
"இல்ல. இன்னும் இல்ல."
எண்கள் புது டிஸ்க்குக்கு நகர்ந்து முடிய
மூன்று டம்ளர் கட்டஞ்சாயா ஆனது.
வியாழனன்று பழையதைச் செருகிப் பார்த்தேன்:
ஒரு கரகரப்பு. அவ்வளவுதான்.

மாதக் கூட்டத்தில் போஜன் கேட்டார்,
"இந்த மாசம் எதுவுமே ரிப்பேர் ஆகலியே,
அந்தக் கண்காணிப்பு சாஃப்ட்வேருக்கு
எதுக்கு வருஷாவருஷம் பணம்?"
நடக்காமல் போனதற்கு ரசீது கிடையாது.
"பிரிண்டர்?" என்றாள் ரெஜினா.

இதைப் பெருமைக்கு எழுதவில்லை.
மஞ்சள் இரண்டு இருந்தன.
நான்காம் கொள்முதல் நிலையத்தில்
யு.பி.எஸ். பாட்டரி பலவீனம். மஞ்சள்.
அதே நிலையத்து டேப்லெட்
தினமும் மாலை ஐந்து பத்துக்குத் தொடர்பறுந்து
ஐந்து நாற்பதுக்கு மீள்கிறது. அதுவும் மஞ்சள்.
தானே சரியாகிறதே என்று
நூற்றிப் பதினான்கு நாளாக
அதன் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

ஒருவழியாகப் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
ஐந்து பத்து.
லைன் மாறும் நேரம், கரண்ட் போனது,
மோடம் கண்ணை மூடியது.
யோகராணி டேப்லெட்டைத் துப்பட்டாவில் சுற்றினாள்,
பேசாமல் மேட்டுப் பாறைக்கு ஏறினாள்.
பின்னால் நானும், மூச்சிரைக்க.
சில்வர் ஓக் மரங்களுக்கிடையே
ஒரு கரும்பாறை பெருமூச்சு விட்டது.
"அசையாதீங்க சார். அது போயிரும்."
போனது. எனக்குக் கால் வர நேரமாயிற்று.
உச்சியில் அவள் கையைத் தூக்கிப் பிடிக்க
ஒரு கோடு சிக்னல்.

"தினமும் இப்படியா?"
"அனுப்பலைன்னா அவங்களுக்குக் காசு ஏறாதே.
போன வாரம் கன்னோட நின்னுச்சு,
அன்னிக்குத்தான் பத்து நிமிஷம் பிந்திருச்சு."

அந்தப் பத்து நிமிடம் எனக்குத் தெரியும்.
வரைபடத்தில் ஒரு கோடு
அன்று மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது.
பார்த்தேன். விரலால் தள்ளிவிட்டேன்.

நான்கு திருகு, இரண்டு வயர்.
பாட்டரி மாற்ற இருபது நிமிடம் போதுமாக இருந்தது.
இரண்டு மஞ்சளும் ஒரே காரியம் என்று
திரைக்குத் தெரியவில்லை.
திரைக்குத் தெரியாதது சரி.

திரும்பி வந்து
தானே சரியாகிறவை எல்லாவற்றையும்
ஒரு பட்டியலாக இழுத்தேன்.
முப்பத்தாறு.
எதிரே குறிப்பு எழுதும் கட்டத்தில்
'யார்?' என்று மட்டும் அடித்துக்கொண்டு வருகிறேன்.
ஒன்பதாவதில் இருக்கும்போது
இன்டர்காம் அடிக்கிறது.

மை இன்னும் வரவில்லையாம்.